கோழிக்குக் கை ஏது

காலையிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டைத் திட்டும் சத்தமே இல்லை.

பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெங்காயப் பாத்தியில் களையெடுக்க உட்கார்ந்தவள், களையை விட்டுவிட்டு வெங்காயத்தைப் பிடுங்கினாள். பிடுங்கியதைத் திரும்ப ஊன்றி மண்ணைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அந்தப் பக்கம் இருப்பது அவள் கொழுந்தன் வீடு. கொழுந்தன் பெண்டாட்டிதான் சின்னவள். நிலத்தைப் பாகம் பிரித்த அன்று, எலுமிச்சை மரம் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, இனிமேல் உன்னோடு பேசினால் ஏனென்று கேள் என்பதில் போய் முடிந்தது. அண்ணனும் தம்பியும் சாயங்காலமே சமாதானமாகி ஒன்றாக டீ குடித்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

அதற்காக வாய் சும்மா இருக்குமா? வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி பெரியவள் தன் கோழியைத் திட்டுவாள். சின்னவள் தன் ஆட்டைத் திட்டிப் பதில் சொல்வாள்.

கத்தரியில் புழு விழுந்தது, மாமனாருக்கு மாத்திரை தீர்ந்தது, நாற்றுக்காரன் ஏமாற்றியது எல்லாமே இப்படித்தான் வேலி தாண்டின. ஒற்றுமையாக இருக்கும் ஓரகத்திகள்கூட ஒரு நாளைக்கு இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கோழியைத் திட்டினால் அலகு, நகம், இறக்கை, முட்டை. ஆட்டைத் திட்டினால் கொம்பு, தாடி, கழுத்துக் கயிறு. அதை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் முகத்துக்கு நேரே திட்டியதாகிவிடும்.

நேற்று பெரியவள் போய்விட்டாள்.

சின்னவளின் அவரைக்கொடி மறுபடியும் பூவோடு கருகியிருந்தது. பெரியவள் அப்போதுதான் வீட்டுக்காரரிடம் எதற்கோ வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த எரிச்சலில் கோழியைக் கூப்பிட்டு, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் கை பட்டது எதுதான்டி விளங்கியிருக்கு?"

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோழிக்குக் கை ஏது?

உண்மையில் சின்னவளின் கையில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் இந்தப் பக்கத்துப் பாத்திகளை எல்லாம் நனைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது பாதிகூட மிஞ்சுவதில்லை. இது பெரியவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மடையைத் திறந்துவிடுகிறவளே அவள்தான்.

தோட்டத்தை விட்டுவிட்டு டவுனுக்கே போய்விடலாம் என்று கொழுந்தன் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னவள்தான் ஒரே பிடிவாதமாக முடியாது என்றிருந்தாள். இன்றைக்கு அவர்கள் வாசலில் ஒரு மினி லாரி நிற்கிறது.

பெரியவள் வீட்டுக்குள் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதைக் குடிக்காமல் கீரைக்கு ஊற்றினாள். கோழியை ஒரு தடவை திட்டிப் பார்த்தாள். திட்டு மாதிரியே இல்லை, கொஞ்சல் மாதிரி இருந்தது.

பதில் வரவில்லை. லாரியில் பாத்திரம் ஏறும் சத்தம்தான் வந்தது.

போகட்டுமே, எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் போய்விட்டால் நாளைக்குக் காலையில் யாரைக் கேட்கவைத்து வாயைத் திறப்பது?

செம்பைக் கீழே போட்டுவிட்டு வேலிக்கு ஓடினாள்.

சின்னவள் அவரைப் பந்தலின் கம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பந்தல் கம்பையே பிடுங்குகிறாள் என்றால், திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

பெரியவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சின்னவளின் முகத்தையே பார்த்தாள்.

"நேத்து நான் சொன்னது கோழியைத்தான்."

சின்னவள் நிமிர்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். ஒரு கம்பு கையிலேயே இருந்தது.

"உங்க கோழியை மழைக்கு முன்னாடியே கீரி அடிச்சிருச்சேக்கா. இறகெல்லாம் இங்கதான் கிடந்துச்சு. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான்தான் அள்ளிப் புதைச்சேன்."

கோழி திரும்பி வராதது பெரியவளுக்கும் தெரியும்; திட்டுவதற்கு வேண்டுமே என்று யாரிடமும் சொல்லவில்லை.

"மறுநாள் காலையில எப்பவும் போல அதைத் திட்டினீங்க. சரின்னு நானும் எப்பவும் போலவே பதில் சொன்னேன்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

பெரியவள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு, வேலி முள்ளை விலக்கி அந்தப் பக்கம் நுழைந்தாள். முழங்கையில் முள் கீறியது. நேரே போய்ச் சின்னவள் கையிலிருந்த கம்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

"பிடுங்குன இடத்துலயே நடு. நாளையிலேர்ந்து முதல் தண்ணி உன் பாத்திக்குத்தான்."

முகத்துக்கு நேரே பேசிப் பழக்கம் விட்டுப் போயிருந்ததால், அதுவும் திட்டுகிற மாதிரியேதான் வந்தது.