மாஸ்டர் பக்கத்துப் பெடல்

கழற்றிய கிளட்ச் பிளேட்டை மெக்கானிக் யாக்கோபு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாருங்க மாஸ்டர். மாட்டி நாலு மாசம்கூட ஆகலை. யாரோ பெடல்லேருந்து காலை எடுக்கிறதே இல்லை."

யாரோ என்ன யாரோ! வண்டி பழக வருகிற மகராசன்களும் மகராசிகளும்தான். இருபத்தெட்டு வருஷமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறார். கியர் போட்டாச்சா, காலை எடு. ஒருத்தராவது கேட்டால்தானே.

நேற்று பழக வந்த ஜெயக்கொடியிடம் கத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

"கிளட்சைத் தின்னுட்டியேம்மா!"

நடுரோட்டில் இறங்கி அழுதுகொண்டே போய்விட்டாள். போகட்டும்.

புது பிளேட் மாட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்க யாக்கோபு ஏறினான். அவர் வழக்கம்போல் இடது பக்கம். அங்கேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் காப்பாற்ற வேண்டுமே.

மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறியது. வண்டி ஏறமாட்டேன் என்றது. கருகிய நாற்றம்.

"என்னடா மாட்டின நீ?"

யாக்கோபு தன் காலைப் பார்த்தான். அது கிளட்சை விட்டுத் தள்ளித்தான் இருந்தது.

பிறகு அவர் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மாஸ்டர்... காலை எடுங்க."

குனிந்தார்.

அவருடைய இடது கால், செருப்போடு, கிளட்ச் மேல் கிடந்தது.

எப்போது போய் உட்கார்ந்தது? சர்க்கரையில் இரண்டு பாதமும் மரத்து வருகிறது, கவனம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நடக்க முடிகிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டார்.

முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினார். வண்டி மளமளவென்று ஏறியது.

ஐயோ, அந்தப் பெண்.

யாக்கோபு ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். அவனாவது திட்டியிருக்கலாம்.

பாலத்தின் மறுபக்கம் இறக்கம். ரோடு காலி.

கிளட்ச் போனால் போகிறது. பிரேக் போதும். நாளைக் காலையில் ஸ்டியரிங்கே பிடித்திராத இரண்டு பேர் வருகிறார்கள். பிரேக் இருந்தால் அவர்களைக் காப்பாற்றிவிடலாம். தொழிலும் பிழைக்கும். வலது கால் பிரேக் மேல்தான் இருக்கிறது, சந்தேகமே இல்லை.

குனிந்து பார்க்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

வண்டி வேகம் குறையாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.