மூன்றாவது ஸ்கோப்

துப்பாக்கிக் கடையின் மொட்டைமாடியில் காசிம் பாய், துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிகளான ஸ்கோப்புகள் மூன்றை நிறுத்தியிருந்தார். கம்பெனிப் பெயர் தெரியாதபடி மூன்றிலும் டேப் ஒட்டியிருந்தார். அது அவர் வழக்கம்.

"எதிர்மலையப் பாருங்கம்மா. கண்ணு சொல்றத எடுத்துக்கங்க."

மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகவிருந்த ஜெசிந்தா குனிந்தாள். முதலாவதில் பாறை தெரிந்தது. இரண்டாவதில் பாறைமேல் ஒரு மான். மூன்றாவதில் அந்த மானின் இமைமயிர்கள் தெரிந்தன. ஒன்றின் நுனியில் பனித்துளி, துளிக்குள் சூரியன். பத்து வருடமாகக் காகித வட்டங்களை மட்டுமே சுட்டவள் மூச்சை அடக்கினாள். மான் திரும்பி நேராக அவளைப் பார்த்தது. குறிபார்க்கும் கறுப்புக் கோடுகள் அதன் நெற்றியில் அசையாமல் நின்றன. மூச்சை அடக்கியதுமே தன் ஆள்காட்டி விரல் விசையை இழுப்பதுபோல் மடங்கிவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"அதுதான புடிச்சிருக்கு?" என்றார் பாய்.

"இந்தக் கோடு இல்லாம கெடைக்குமா பாய்?"