தொண்ணூற்றேழாவது மோதல்

தொண்ணூற்றேழு என்று காட்டியது.

போல்ட்டுகளை மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறுதான்.

கம்ப்யூட்டரில் வரைந்த இயந்திரத்தில் ஒரு பாகம் இன்னொன்றுக்குள் ஏறி நின்றால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். மோதல் என்போம். போல்ட்டும் நட்டும் மரையில் கவ்வுவதால் எப்போதும் சிவப்புதான். அவற்றை ‘இக்னோர்’ பட்டியலில் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்.

வியாழக்கிழமை தள்ளியவள் நான். அப்போது மிச்சம் பூஜ்யம். இன்று சனிக்கிழமை, பட்டியலில் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

நெல் கதிரடிக்கும் மெஷின் இது. மாலையில் வரைபடம் தகடு வெட்டப் போகிறது. ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். தவறு வந்தால் என் வேலைதான் போகும். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இப்போது எங்கள் வீடு.

செருகியவன் மருதையன்தான். வேறு யார்?

பக்கத்து நாற்காலிக்காரன். எங்கள் ஊர்க்காரனும்கூட, குடவாசலுக்குத் தெற்கே. அவன் அப்பன் ஐயாவு எங்கள் பண்ணையில் கிடந்தவன். கூலித் தகராறில் ஊரே வேலைக்கு வராத வருடம் தாத்தா முதன்முதலாகக் கதிரடிக்கும் மெஷின் இறக்கினார். ஐயாவு மட்டும்தான் வந்தான். அவ்வளவு விசுவாசமாக இருந்தவன், பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்கள் ஒன்பது மா நிலத்துக்குப் பட்டா வாங்கிக்கொண்டான். கேஸ் போட்டோம். தோற்றோம். அவன் ஏன் அப்படி மாறினான் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மகன் என்னை ‘மேடம்’ என்கிறான். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று மூன்று வருடமாகப் பிடிபடவில்லை.

இந்த மெஷின் ஆரம்பித்ததிலிருந்தே அவன் போக்கு சரியில்லை. தகடு மிச்சமாகும் என்று முதலாளி கதிரை உள்ளே தள்ளும் வாயின் நீளத்தை ஒரு சாண் குறைத்தார். மருதையன் முனகினான். வரைகிற வேலையைப் பார் என்று முதலாளி அதட்டியதும் அடங்கினான். அடங்கினான் என்றுதான் நானும் நினைத்தேன்.

புதன்கிழமை ஐயாவு பட்டறைக்கு வந்தான். சாப்பாட்டு நேரத்தில் அப்பனும் மகனும் பெயின்ட் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது மருதையன் அளவு டேப்பைச் சட்டைப்பையில் போட்டான். ஐயாவு துண்டை வலது தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனான். நிலத்தை அளந்து வாங்கியவர்கள் இங்கே எதை அளக்கிறார்கள் என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அதற்குமேல் நேற்று ஒரு உபதேசம்.

“ஒன்னொன்னா பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க மேடம்.”

யார் யாருக்குப் பாடம் எடுப்பது?

பட்டியலின் கடைசி வரியைத் திறந்தேன். மோதுவது உள்ளே சுழன்று கதிரடிக்கும் டிரம்மின் பல்லும் பெயர் வைக்காத ஒரு பாகமும். கதிர் தள்ளும் வாய்க்குள் இருந்ததால் வெளியிலிருந்து தெரியவில்லை. மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே வாய்த்தகட்டைத் திரையிலிருந்து நீக்கினேன்.

உள்ளே ஒரு கை இருந்தது.

தோளிலிருந்து விரல் நுனி வரை, கதிரைத் தள்ளுகிற வாக்கில் நீண்ட வலது கை. நான்கு விரல்களும் டிரம்முக்குள் இருந்தன.

எப்போது செருகினான் என்று தேதியைப் பார்த்தேன். புதன்கிழமை.

நான் பட்டியலைத் தள்ளியது வியாழக்கிழமை. அப்படியென்றால் அது சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தபோதுதான், எல்லாம் போல்ட்தானே என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் ஒதுக்கியிருக்கிறேன். எண்ணக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்தக் கையை எப்படி வரைந்திருக்கிறான் என்று பார்த்தேன். இடது கையை அளந்து வரைந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு வலது கையாக்கியிருந்தான். வலது கை வேண்டுமென்றால் வலது கையையே அளக்கலாமே, எதற்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு ஐயாவு வலது தோளில் இழுத்துப் போர்த்திய அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

அளந்து கொடுக்க அவரிடம் இடது கைதான் இருந்தது.

குடித்துவிட்டு மெஷினுக்குள் கையை விட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். தாத்தாவின் அந்த மெஷினுக்கு வாய் எத்தனை சாண் நீளம் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பேனாவை மூடி வைத்தேன்.