கடை நிறைய ஆள்

இரண்டாவது மெஷின் வாங்கக் கடனுக்கு மனுப் போட்டிருந்தாள் தையல்காரி. பேங்க் மேனேஜர் கடையைப் பார்க்க வருகிற அன்று, சொந்தபந்தம் அத்தனை பேரையும் வாடிக்கையாளர் வேஷத்தில் இறக்கிவிட்டாள்.

மேனேஜர் வந்தபோது கடையில் நிற்க இடமில்லை.

"பரவாயில்லையே, நல்ல வியாபாரம்தான்!" என்று முகம் மலர்ந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். "அண்ணி, என் சட்டை ரெடியா?" என்றாள் நாத்தனார். "சித்தி, என் பேண்ட்?" என்றான் அக்கா மகன். "மருமகளே, எனக்கு ரெண்டு தலையணை உறை" என்றார் மாமனார்.

மேனேஜரின் முகம் மாறியது.

"யார் காதுலம்மா பூ சுத்தறீங்க? வீட்டு ஆளுங்களைக் கொண்டாந்து நிரப்பினா கடன் குடுத்துடுவோமா? இது மோசடி இல்லையா?"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. தையல்காரியின் கையிலிருந்து ஒன்று விழவும் விழுந்தது.

மாமனார்தான் முன்னால் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க கிளையை மூடிடலாமான்னு போன மாசம் மேலிடத்துலேருந்து பார்க்க வந்தாங்களே, அன்னிக்கு எங்க தெருவையே கூட்டிட்டுப் போய் வரிசையில நிறுத்தினீங்க. ஏழாம் நம்பர் டோக்கன் நான்தான்."

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார். பேனாவைத் திறந்து மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் மறுபடி வர்றாங்களாம்மா. இதே ஆளுங்களைக் கொஞ்சம் அனுப்பி வைங்க. ஆனா அங்க வந்து யாரும் யாரையும் சித்தின்னு கூப்பிடக் கூடாது."