மாடனை ஏற்றி வந்த கப்பல்

மாடன் தூத்துக்குடியில் கப்பலேறியதும் வைத்தியலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஊர்க் காவல் சாமியான மாடனுக்குக் கப்பலில் என்ன ஜோலி? ஊர்ப் பாட்டில் அவன் தாமிரபரணியை நீந்தித் தென்கரைக்கு வருவான், அவ்வளவுதான். அவன் கரையேறும் இடத்தை வில்லுப்பாட்டுக்காரர் பாடும்போதுதான் கோமரத்தாடியான வைத்தியலிங்கத்தின் மேல் சாமி இறங்கும். வருடா வருடம் அப்படித்தான். கால் தானாக நடுங்கும், பெண்கள் குலவையிடுவார்கள்.

இன்று கோயில் திருவிழாவின் உச்சிவேளைக் கொடை முடிவதற்குள் சாமி இறங்காவிட்டால், இடுப்பில் கட்டியிருக்கும் சல்லடமும் கையிலிருக்கும் மணியும் வேறு ஆளுக்குப் போய்விடும். வாங்கிக்கொள்ள மச்சினன் சங்கிலிபூதத்தான் குளித்து முழுகித் திருநீறு பூசி, ஒன்றும் அறியாதவன் மாதிரி பக்கத்திலேயே நின்றான்.

வழக்கமாகப் பாடும் அண்ணாவிக்கு நாங்குநேரிக் கொடையில் தொண்டை கட்டிவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன மாதம் திரும்பிய பாபநாசம், இதே பாட்டைத்தான் அங்கே தோட்டத்துக் கோயிலில் பாடினேன் என்று மார்தட்டினான். அவனைக் கூப்பிட்டு வில்லின் முன்னால் உட்கார வைத்தவர் வைத்தியலிங்கமேதான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை.

மெட்டு அதேதான். மாடன்தான் வேறு ஆளாக இருந்தான்.

கொழும்பில் இறங்கிய மாடனுக்கு வெள்ளைக்கார டாக்டர் அம்மை குத்தினார். மலையேறும்போது அட்டை கடித்தது; மாடன் சுண்ணாம்பு தடவிக்கொண்டான். விடிகாலையில் கங்காணி பெயர் கூப்பிட, 'இருக்கேன் ஐயா' என்று கைகட்டி நின்றான். ஏழூரை நடுங்க வைத்த மாடன், குளிர் தாங்காமல் கம்பளி கேட்டு அழுதான்.

வைத்தியலிங்கம் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். அதை எப்போது கீழே வைப்பது என்று தெரியவில்லை.

பாபநாசம் மாடனைத் தேயிலைச் செடியடியில் பீடம் போட்டு உட்கார்த்தினான். மங்களம் பாடினான். கோலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

கூட்டம் திகைத்துப்போனது. வில்லில் பாடினால் பாடியதுதான், மாற்ற முடியாது. ஆக மாடன் இப்போது இலங்கையில் இருக்கிறான். இங்கே பீடம் காலி. கட்டிப்போட்டிருக்கும் கிடாவை யாருக்கு வெட்டுவது?

"ஏலே, சாமியைத் திருப்பிக் கூட்டிட்டு வார பாட்டு எங்கலே?" என்றார் வைத்தியலிங்கம்.

"அதை அங்கன யாரும் கட்டலியே அண்ணாச்சி" என்றான் பாபநாசம், தலையைச் சொறிந்துகொண்டு.

வேறு வழியில்லாமல் வைத்தியலிங்கமே பாட ஆரம்பித்தார். அவர் பாட்டைக் கேட்டு அவிழ்த்துக்கொள்ளப் பார்த்தது கிடா. ஆனாலும் சாமி வந்தாக வேண்டுமே. மாடனை மலையிலிருந்து தரதரவென்று இறக்கிக் கப்பலில் ஏற்றினார்.

"அண்ணாச்சி, அப்படியே தேயிலைத் தோட்டத்துக்குப் போன எங்க வீட்டு ஆளையும் ஏத்திக்கிடுங்க" என்றாள் ஒருத்தி.

ஏற்றினார். அடுத்தவள் தன் புருஷனைச் சொன்னாள். இன்னொருத்தி அண்ணனை. ஒருத்தி கொழுந்தனைச் சொல்லி, அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஓரமாக உட்கார வையுங்கள் என்றாள். மற்றொருத்தி, புருஷனை ஏற்றிவிட்டு, அங்கே அவன் சேர்த்துக்கொண்டவளை மறக்காமல் இறக்கிவிடச் சொன்னாள். அதையும் பாடினார். மாடனுக்கு நிற்க இடமில்லை. வெயில் வேறு சாய ஆரம்பித்திருந்தது.

ஒருவழியாகத் தூத்துக்குடி வந்தது. ஆறு வந்தது. மாடன் தென்கரை ஏறினான். பின்னாலேயே அத்தனை ஆண்களும் வேட்டியைப் பிழிந்துகொண்டு ஏறினார்கள்.

கால் நடுங்கவில்லை.

வைத்தியலிங்கம் மாடனை மறுபடி தண்ணீரில் இறக்கி இன்னொரு தரம் ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலிபூதத்தான் பைய முன்னால் வந்து மணிக்குக் கையை நீட்டினான். வைத்தியலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெண்களின் கடைசி வரிசையிலிருந்து அவர் மனைவி உலகம்மாள் எழுந்தாள்.

"ஊர்ல உள்ளவனை எல்லாம் ஏத்துனிய. நம்ம மாசானத்தை விட்டுட்டு வந்துட்டியளே."

சொல்லாமல் கொள்ளாமல் கங்காணி பின்னால் போய்விட்ட மகன். அந்தப் பெயர் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது என்று கட்டளை போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து உலகம்மாளும் சொன்னதில்லை.

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். மாசானமும் கரையேறினான் என்று பாட வேண்டும். பாதிப் பெயருக்கு மேல் குரல் வரவில்லை. கால் ஆடியது. இடுப்பு ஆடியது. மணி தானாகக் குலுங்கியது. குலவைச் சத்தம் அக்கரை வரை கேட்டிருக்கும். சங்கிலிபூதத்தான் நீட்டிய கையைக் கும்பிடாக மாற்றிக்கொண்டான்.

வந்திறங்கியதும் மாடன் கிடா கேட்பான், சாராயம் கேட்பான். இன்று இரண்டையும் கேட்கவில்லை. நேரே பாபநாசத்தின் முன்னால் போய் நின்று, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, ஊரே நடுங்கும் குரலில் கேட்டான்:

"பயலுக்கு அங்கன வயித்துக்கு என்னலே போடுதாவ?"