மஸ்கட்டிலிருந்து இரண்டு டீச்சர்கள்

இன்டர்வியூவுக்குக் காத்திருந்த அறைக்குள் உம்மே ஹானி நுழைந்ததைப் பார்த்ததும் சிந்து கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர் வேலை. ஒரே ஒரு இடம், காத்திருப்பவர்களோ ஏழெட்டுப் பேர். சென்னையில் இத்தனை பள்ளிக்கூடம் இருக்க, இவள் இங்கேதானா வந்து நிற்க வேண்டும்?

முகத்தைத் திருப்பிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் போட்டாள். நந்தகுமாருக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை.

"என்னங்க, உம்மே ஹானி இங்கே வந்திருக்கா."

"யாரு, மஸ்கட் ஸ்கூல்ல உன் கூட இருந்தாங்களே, அவங்களா?"

"ஆமா. அவ வாயைத் திறந்தா போச்சு. இந்த வேலையும் கிடைக்காது."

"எதுக்குப் பதறுற? பேப்பர்ல ராஜினாமான்னுதானே இருக்கு?"

"நிஜம் அவளுக்குத் தெரியுமே."

"சரி, கஸ்டமர் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்."

நிஜம் இதுதான். மஸ்கட்டில் பரீட்சையில் காப்பியடித்த ஒரு பையனை சிந்து எழுப்பி வெளியே அனுப்பினாள். பையனின் அப்பா பெரிய புள்ளி. மறுநாளே நிர்வாகம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது, இனிமேல் வர வேண்டாம் என்று. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றார்கள். விசா அவர்கள் கையில். அந்நிய ஊரில் யாரிடம் போய் நியாயம் கேட்பது? அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மயிலாப்பூர் வீட்டில் மாமியாரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. குழந்தையைப் பிரிந்து இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

வேலை போனதைவிட உம்மே ஹானி செய்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். கிளம்பும் நாள் காலையில் டிக்கெட் வாங்க ஸ்கூலுக்குப் போய் டைம்டேபிளைப் பார்த்தால், சிந்துவின் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் உம்மே ஹானியின் பெயர் போட்டிருந்தது. வழியனுப்பக்கூட அவள் வரவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் ஏதோ புது நம்பரிலிருந்து அவள் குரல் கேட்டது. சிந்து அப்போதே கட் பண்ணி, அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

இப்போது அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிந்து, எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"இங்கே வெச்சு எதுவும் பேசாதே."

அதற்குள் உள்ளேயிருந்து உம்மே ஹானியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியையின் அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அது வழியாக சிந்துவுக்கு நன்றாகவே தெரிந்தது. உம்மே ஹானி கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு பேரும் ஒரு தடவை இவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

போச்சு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று சிந்து நினைத்தாள்.

வெளியே வந்த உம்மே ஹானி, "முடிச்சிட்டு வா, கேட் பக்கத்துல நிக்கிறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க சிந்துவுக்கு எரிந்தது.

"இன்னாமா, உன்னத்தான். கூப்ட்டுக்கினே கீறாங்க, போ" என்றாள் வாசலில் நின்ற ஆயா.

தலைமையாசிரியை சூடாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காருங்க. நீங்களும் மஸ்கட்ல அதே ஸ்கூல்தானா? இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்களைத் தெரியுமா?"

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். இனி தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அவள் சொன்னது அத்தனையும் பொய் என்று ஆக்க வேண்டும்.

"தெரியும் மேடம். ஆனா அவங்க சொல்றது எதையும் நம்பாதீங்க."

"அப்படியா?"

"கூட இருந்தே குழி பறிக்கிறவங்க. கூசாம பொய் சொல்லுவாங்க."

சூடாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அங்கேயிருந்து ஏன் வந்தீங்கன்னு அவங்களைக் கேட்டேன். வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு மறைக்காம சொன்னாங்க. கூட வேலை பார்த்த ஒரு டீச்சரை அநியாயமா அனுப்பினாங்களாம். அவங்க கிளாஸை இவங்களை எடுக்கச் சொல்லியிருக்காங்க. மாட்டேன்னு நிர்வாகத்தோட சண்டை போட்டிருக்காங்க. அன்னிக்கே ஸ்கூல் கொடுத்த போனைப் பிடுங்கிட்டு இவங்களையும் அனுப்பிட்டாங்க. யார் அந்த டீச்சர்னு கேட்டேன். பேரை மட்டும் சொல்லவே இல்லை."

சிந்து கதவுக் கண்ணாடி பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்து போறப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. 'வெளியில சிந்துன்னு ஒருத்தங்க இருக்காங்க. என்னைவிட நல்லா கணக்கு சொல்லித் தருவாங்க. ஒரே இடம்தான்னா அவங்களுக்கே கொடுங்க'ன்னு. கொடுக்கலாம்னுதான் நானும் நினைச்சேன்." சூடாமணி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "ஆனா அவங்க சொல்றது எதையும் நம்பாதீங்கன்னு நீங்களே சொல்றீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

 சிந்து எழுந்து நின்றாள்.

"நம்புங்க மேடம்" என்றாள். "அவங்க பேர் சொல்லாத அந்த டீச்சர் நான்தான்."