குறுக்கே நின்ற குடை

"சனியன், இதுலயும் அந்தக் குடை!" மேஜையைத் தட்டினார் ஜெயக்குமார்.

எண்பத்தாறாம் வருடம் ஒரு மாதம் முழுக்கப் பாலக்கரைத் தெருக்களில் அவர் எடுத்த படங்கள் நாளை கண்காட்சிக்குப் போக வேண்டும். எதை எடுத்தாலும், கட்டம் போட்ட துணியில் ஒட்டுப்போட்ட குடையால் முகத்தை மறைத்தபடி ஒரு ஆள் குறுக்கே நின்றான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்ட் முடிந்து வரும் சைக்கிள் கூட்டத்தில்கூட!

காபியோடு வந்த மனைவி ஆனந்தவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஒட்டு நான் தைச்சதுங்க. எங்கப்பா குடை! பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை எப்படின்னு பார்க்க ஒரு மாசம் நீங்க போற இடமெல்லாம் சுத்தினார்."

"எனக்குத் தெரியவே இல்லையே!"

"அதைத்தான் அம்மா அன்னிக்கே சொன்னாங்க. 'ஒரு மாசம் எதிர்ல நின்ன மனுசனையே கவனிக்காதவரு, நம்ம பொண்ணை எங்க கவனிக்கப் போறாரு'ன்னு. அப்பாதான் கேக்கல."